கண்ணாடிக் கடலில் மணல் மாற்றிய படலம்

வாழ்க வாழ்க, விசிலேந்திய வேந்தர் வாழ்க! எள் விழ இடமில்லாப் பேருந்திலும் எட்டுப் பேருக்கு இடங்கண்ட ஏந்தல், படிக்கட்டில் தொங்குவோரைப் பார்வையாலேயே உள்ளிழுக்கும் பராக்கிரமர், 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்னும் ஒற்றை மந்திரத்தால் அசையாப் பெருங்கூட்டத்தை அசைத்த நாவலர், இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தலையையும் எண்ணிக்கைக்குத் தப்பவிடாத கழுகுக் கண்ணர், பதினேழாம் எண் தடத்து நடத்துனர் பெருமான் நீடூழி வாழ்க! அன்னவர் தம் வார விடுமுறை நாளொன்றில், தம் வீட்டுக் கூடத்தில், நாலடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் முழங்கை வரை மூழ்கி நின்று நடத்திய மணற்போரைப் பாடப் புகுந்தேன். செந்தமிழே, என் நாவில் வந்து அமர்வாயாக. வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு வருவாயாக. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கடல் என்று யான் கூறுவது உலகை வளைத்த ஆழியை அன்று. பல் மருத்துவர் ஒருவரின் காத்திருப்பறையில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவோர் போவோரை எல்லாம் பார்த்துச் சலித்த உப்புநீர் மீன்தொட்டி அது. மருத்துவர் ஓய்வு பெற்றபோது நம் தலைவரின் கூடத்துக்குக் குடிபெயர்ந்து ஆறாண்டு ஆயிற்று. அதனுள் வாழ்ந்த குடிமக்கள் வருமாறு: ஆரஞ்சுச் சட்டையில் வெள்ளைப் பட்டி போட்ட தம்பதியர் இருவர், தன் நிழலையே கடிக்கப் பாயும், ரவுடி எனப் பட்டப்பெயர் பெற்ற நீலமீன் ஒன்று, வம்புதும்புக்குப் போகாத சிறுமீன்கள் மூன்று, இவற்றின் அழுக்கைக் கொத்தித் தின்று பிழைக்கும் நீள்மீசை இறால் ஒன்று, ஏழாவது மீனாக, சோம்பேறி.

சோம்பேறி என்பது வசைப்பெயர் அன்று, காரணப்பெயர். ஒரு விரல் நீளம், மஞ்சள் மேனி. தொட்டி விளக்கு அணைந்ததும் தலைகீழாக மணலில் பாய்ந்து, வால்நுனி வரை புதைத்துக்கொண்டு உறங்குகின்ற சாதி. விளக்கெரிந்து அரைமணி கழித்துத்தான் எழுந்து வரும். அதுவும் யாரோ வற்புறுத்திக் கூப்பிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு வரும்.

இந்த மீனுக்கும் நம் தலைவரின் மனைவிக்கும், அதாவது தபால் நிலையத்தின் மூன்றாம் கவுண்ட்டரில் வீற்றிருந்து ஒரே நாளில் ஆயிரம் முத்திரை குத்தும் அரசியாருக்கும், ஒரு பந்தம் இருந்தது. சென்ற ஆண்டு அரசியாருக்கு முதுகில் அறுவை. மூன்று மாதம் கூடத்துக் கட்டிலில் புரளாமல் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியமும் ஆளுக்கொரு பயமும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்றும் சொல்லாமல் எதிரே இருந்தது சோம்பேறி மட்டுந்தான். வலி பொறுக்காத நாள்களில் அதைப் பார்த்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். 'இவன் மட்டும் இல்லைன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்' என்று ஒருநாள் சொன்னார். கட்டிலருகே நின்று மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்த நம் தலைவர் அதைக் கேட்டார். அதன்பின் அந்த மீனுக்கு அவர் பயபக்தியோடுதான் தீனி போடுவது.

இனிப் போர் மூண்ட காரணம் கேண்மின். ஒரு மாலை, தேநீர்க் குவளையும் கையுமாய்த் தொட்டியை நோக்கிய அரசியார், 'இந்த மணலு ஏன் இப்படிக் கறுத்துப் போச்சு? பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு' என்று திருவாய் மலர்ந்தார். மலர்ந்துவிட்டுத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆயினும், சில்லறை இல்லை என்போரின் சொல்லைச் செவிமடுக்காத அந்தச் செவிகள் இந்தச் சொல்லைக் கப்பென்று பிடித்துக்கொண்டன. அரசியார் ஆணையிட்டுவிட்டார் என்றே நம் தலைவர் கொண்டார்.

உடனே அவர் மீன்கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து அருள்வாக்குக் கேட்டார். அந்த ஞானி, வேறொரு வாடிக்கையாளருக்கு மீன்தீனி நிறுத்துக்கொண்டே உபதேசித்தார்: "அண்ணே, ஆறு வருஷத்து மணலு. அடியில கெட்ட வாயு கட்டியிருக்கும். ஒரே நாள்ல மொத்தமா அள்ளிடாதீங்க. வாரத்துக்குக் கால்வாசி, கால்வாசியா மாத்துங்க. மீனை எல்லாம் வெளிய எடுத்து எண்ணிப் பாத்துட்டு, அப்புறமா விளக்கை அணைங்க. புது மணலை நல்லாக் கழுவிப் போடுங்க."

அருள்வாக்கு முழுவதும் காதில் விழுந்தது. மனத்தில் பாதிதான் தங்கிற்று, அதுவும் முன்பின் மாறி. கால்வாசியென்றால் நாலு வாரம் ஆகும் என்று விளங்கியதும் நம் தலைவரின் மீசை துடித்தது. நாலு வாரம் இழுத்தால் அரசியார் பார்த்துவிடுவார். பார்த்துவிட்டால் வியப்பு ஏது? தொலைபேசியை வைத்துவிட்டு, கூடத்தின் நடுவே நின்று, நாற்காலிகளும் திரைச்சீலையும் கேட்க அவர் முழங்கினார்:

"நாலு ட்ரிப் எல்லாம் கிடையாது! ஒரே ட்ரிப்! சாயந்தரம் அவ வீட்டுக்கு வர்றதுக்குள்ள வெள்ளை மணல் போட்டு முடிச்சிருப்பேன்!"

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். திரைச்சீலையாவது அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

குறித்த நாளில், அரசியார் கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாய் வேலைக்குக் கிளம்பிய கால் மணியில், துணைப்படை வந்து இறங்கியது. துணைப்படையாவது ஒருவரே: அரசியாரின் உடன்பிறந்த தம்பி, தொழிலால் லிஃப்ட் மெக்கானிக், ஏற்றமும் இறக்கமும் கைவசப்பட்டவர், உலகில் தம் அக்காவுக்கு மட்டுமே அஞ்சுபவர். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கும் அவர், அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழுதென்று இரண்டு மாடி படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். வந்ததும் கேட்ட முதற்கேள்வி இது:

"மாமா, அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லாம செஞ்சாத்தான்டா மாப்ளே அது சந்தோஷம்."

மைத்துனர் ஒருமுறை வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

படைக்கலங்கள் அணிவகுத்தன. வாளிகள் ஐந்து, துணி ஊறவைக்கும் நீல டப் ஒன்று, பழைய நீரைச் சேமிக்கப் பீப்பாய் இரண்டு, ஆள்நீள ரப்பர்க் குழாய் ஒன்று, புத்தம்புதிய குப்பை முறம் ஒன்று, மீன்வலை ஒன்று, வெண்பவழ மணல் மூட்டை இரண்டு. மீன்கள் மிரளாதிருக்க வேண்டும் என்னும் பெருங்கருணையால், நம் தலைவர் எடுத்த எடுப்பில் தொட்டி விளக்கை அணைத்தார். ஐயகோ, மீன்களை எடுத்தபின் செய்ய வேண்டியதை எடுக்குமுன் செய்தார்! தொட்டி இருண்டது. தொட்டியின் இடது மூலையில் ஒரு மஞ்சள் கோடு மணலை நோக்கிச் சரிந்தது. இன்றைக்குப் பொழுது சீக்கிரம் போயிற்று என்று அது எண்ணியிருக்கலாம். தூக்கத்தை யாராவது வேண்டாம் என்பார்களா?

இதை அறியாத வீரர் இருவரும் நீர் இறைக்கலாயினர். குழாயை வாயில் வைத்து உறிஞ்சிய மைத்துனர் ஒரு மிடறு கடலைக் குடித்து, கண் பிதுங்க, காறித் துப்பி, தம் குலத்தில் யாரும் சொல்லாத சொல் ஒன்றைச் சொன்னார். அதுவே சங்கநாதமாகப் போர் தொடங்கியது. நீர் சாண் அளவாகச் சுருங்கியதும் வலை சுழன்றது. தம்பதியர் இருவரும் சண்டையின்றி வந்தனர். சிறுமீன்கள் மூன்றும் ஒவ்வொன்றாய் அகப்பட்டன. ரவுடியோ கல்லிடுக்கில் புகுந்து, வலையைக் கடித்து, தலைவரின் கட்டைவிரலையும் கடித்து, அரைமணி நேரம் அமர் புரிந்து, இறுதியில் வீரமரணத்துக்குப் பதிலாக வலையைத் தழுவிற்று. கடைசியாக இறால் தானே நடந்து வந்து வலைக்குள் ஏறியது. அதற்கு எதிலும் ஓர் ஆர்வம் உண்டு.

அனைத்தும் நீல டப்பில் விடப்பட்டன. காற்றுக் குழாய் குமிழியிட்டது. அப்போது நம் தலைவர் தம் தொழிலின் உச்சத்தில் நின்று எண்ணத் தொடங்கினார். பயணிகளை எண்ணும்போது அவர் முகங்களைப் பார்ப்பதே இல்லை. முகத்தைப் பார்த்தால் பேச்சுக் கொடுப்பார்கள், எண்ணிக்கை விட்டுப்போகும். தலை, தலை, தலை, அவ்வளவே. ஆள்காட்டி விரல் காற்றில் குத்தக் குத்த, உதடுகள் அசைய அசைய, டப்பின் இம்முனை முதல் மறுமுனை வரை எண்ணினார். ஏழு. மறுமுனையிலிருந்து திரும்பி எண்ணினார். ஏழு. "ரைட், போலாம்!" என்று முழங்கினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் பிழைக்காத கண்ணுக்கு, அந்த ஏழாம் தலையில் இருந்த நீண்ட மீசை தென்படவேயில்லை.

பின்னர் நடந்ததே மணற்போர். முறம் பாய்ந்தது, மேல்மணல் பெயர்ந்தது, அடிமணல் வெளிப்பட்டது. ஆறாண்டு மூடிக் கிடந்த கருமணலிலிருந்து எழுந்த அழுகிய முட்டை நாற்றம் கூடத்தை நிறைத்து, அடுக்களையைக் கடந்து, வாசலைத் தாண்டி, எதிர்வீட்டுக்குள்ளும் அழையா விருந்தாளியாய்ப் புகுந்தது. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, முந்தானையால் மூக்கை மூடியபடி, "கேஸ் எதுவும் லீக் ஆகுதா?" என்றார். "இல்லம்மா, மணல் மாத்துறோம்" என்றார் மைத்துனர், மூக்கில் துண்டு கட்டியிருந்த குரலில். அந்த அம்மாள் அதை நம்பவில்லை. வீட்டுக்குள் போய் எல்லாச் சன்னலையும் அடைத்துக்கொண்டார்.

ஐந்து வாளிகள் நிறைந்தன. லிஃப்ட் இல்லாத மாடிப்படியில், ஒவ்வொன்றும் ஒரு மலையென, ஐந்து முறை மைத்துனர் இறக்கினார். கீழே, சுற்றுச்சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரைக் கண்டதும் அவருக்கு ஓர் உபகாரச் சிந்தை பிறந்தது. "மணல் வேணுமாண்ணே? சும்மாவே எடுத்துக்குங்க." கொத்தனார் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார், உடனே துப்பினார். "உப்பு. இதை வெச்சுப் பூசினா ஆறு மாசத்துல சுவரு பொரிஞ்சு உதிர்ந்துரும். என் மணல்ல கொட்டிடாதீங்க, வாளியோட அப்படி ஓரமா வைங்க." நாவின் நுனியால் சுவரைக் காத்த அந்தப் பெருந்தகை தம் கரணையை எடுத்துக்கொண்டு பூச்சுக்குத் திரும்பினார்.

மேலே, புதுமணலைக் கழுவ நேரமில்லை என்று தலைவர் தீர்மானித்தார். மூட்டையைத் தூக்கி, தலைகீழாய்க் கவிழ்த்தார். வெண்புழுதி நீரோடு கலந்தது, பழைய நீரையும் மேலே ஊற்றினார், கடல் பாற்கடலாயிற்று. கையை விட்டால் கை தெரியவில்லை. "தெளிஞ்சிடும், தெளிஞ்சிடும்" என்று அவர் தொட்டிக்கு ஆறுதல் கூறிக்கொண்டிருந்தபோது, வாசலில் செருப்பு கழற்றும் ஓசை கேட்டது. கணினி பழுதென்று தபால் நிலையத்தில் கவுண்ட்டரை அன்று முன்னதாகவே மூடிவிட்டார்களாம்.

அரசியார் உள்ளே வந்தார். குளமான தரையைப் பார்த்தார். உப்புப் பூத்த கணவரைப் பார்த்தார். திரைச்சீலைக்குப் பின்னே தெரிந்த தம்பியின் கால்களைப் பார்த்தார். நேராக டப்பருகே சென்று குனிந்தார்.

"சோம்பேறி எங்க?"

"உள்ளதான் இருக்கும். ரெண்டு தடவை எண்ணிட்டேன். ஏழு."

அரசியார் விரலை நீட்டினார். "இது என்ன?"

"இறால்."

"இறாலுக்கும் டிக்கெட் போட்டீங்களா?"

கேட்டீரோ, உலகத்தீரே! படிக்கட்டுப் பயணிக்கும் பணியாத தலை பணிந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே யானை குப்புறவே விழுந்தது. அரசியார் இன்னும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "விளக்கை எப்ப அணைச்சீங்க?" தலைவர் விடையைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. திட்டு விழும் என்று அவர் அஞ்சவில்லை. திட்டு அவருக்குப் பழக்கந்தான். அந்தக் கட்டிலும் அந்த மூன்று மாதமும் கண்முன் வந்தன. பெற்ற பிள்ளையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டவர் போல அவர் நின்றார்.

பிறகு ஓடினார். இரண்டு மாடிப் படிகளும் அவர் காலடியில் நான்கே தாவலாயின. கீழே கொத்தனார், கரணை கழுவ வாளி இல்லாத குறையால், ஓரத்து வாளி ஒன்றைச் சாக்கடைப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். அப்போது நம் தலைவரின் நெஞ்சிலிருந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் எஞ்சின் இரைச்சலை வென்ற அந்தக் குரல் கிளம்பியது:

"ஹோல்டான்!"

வாளி நின்றது. கொத்தனார் நின்றார். தெருவில் போய்க்கொண்டிருந்த வண்டி ஒன்றும் காரணம் தெரியாமல் நின்றது.

விவரம் கேட்ட கொத்தனார், தம் சல்லடையைக் கொண்டுவந்து, "சலிச்சுப் பாத்துரலாமா?" என்றார். பின்னாலேயே இறங்கி வந்துவிட்ட அரசியார், "வேணாங்க, செதில் உரிஞ்சிடும்" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டார்.

"முதுகு..." என்று தொடங்கினார் தலைவர்.

"பேசாதீங்க."

முதல் வாளியில் கைவிட்டார், மணல். இரண்டாம் வாளி, எந்தக் கணக்கிலும் வராத ஒரு நத்தை, அப்புறம் மணல். மூன்றாம் வாளி, மணல், நாற்றம், மணல். நாலாம் வாளியில் கை மெல்ல மெல்ல இறங்கி, ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி, நின்றது. அரசியார் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள் வேறு காரணத்துக்காக மூச்சை அடக்கினார்.

"இருக்கான்" என்றார் அரசியார்.

இரு கையும் குவித்துத் தூக்கிய கருமணலின் நடுவே மஞ்சள் வால் ஒன்று தெரிந்தது. செவுள் ஒருமுறை அசைந்தது. மறுமுறை அசைய வெகுநேரம் ஆயிற்று. அரசியாரின் கைப்பையிலிருந்த காலிச் சாப்பாட்டு டப்பா திறக்கப்பட்டது. வாளியின் மேலே நின்ற நீர் அதில் ஊற்றப்பட்டது. சோம்பேறி உள்ளே விடப்பட்டது. தந்தப் பல்லக்கேறிய மன்னர்க்கும் கிட்டாத மரியாதையோடு, முன்னே மைத்துனர் வழிவிலக்க, பின்னே கொத்தனார் சல்லடையைக் கையில் மறந்தபடி தொடர, டப்பா இரண்டு மாடி ஏறியது.

டப்பு நீரில் விட்டதும் மீன் ஒருக்களித்துப் படுத்தது. புதைய மணல் இல்லை, நீந்தத் தெம்பில்லை. மீன்கடை ஞானிக்கு மறுபடியும் அழைப்புப் போயிற்று. "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணியிருக்கீங்க" என்று தொடங்கி, நெடுநேரம் வைதபின் அவர் சொன்னார்: "அந்தப் பால்தண்ணியில விட்டுடாதீங்க. டப்புலயே இருக்கட்டும், காத்து நல்லாப் போகட்டும். காலைல கொஞ்சம் தீனி போட்டுப் பாருங்க. சாப்பிட்டா பொழைச்சுக்கும். சாப்பிடலன்னா... அப்புறம் நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லண்ணே."

தலைவர் எழுந்தார். ஒரு கிண்ணம் புதுமணலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நீர் மாற்றி, நீர் மாற்றி, மேலே ஊற்றிய நீர் ஊற்றியபடியே தெளிந்து நிற்கும்வரை கழுவினார். கடைசியில் டப்பு நீராலும் ஒருமுறை அலசி, கிண்ணத்தை மீனருகே மெதுவாக இறக்கி வைத்தார். சோம்பேறி அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. தலைவர் அரசியாரின் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னியேன்னுதான்..."

"நான் என்ன சொன்னேன்?"

"மணல் கறுத்துப் போச்சுன்னு."

"கறுத்துப் போச்சுன்னு சொன்னேன். மாத்துங்கன்னு சொன்னேனா?"

நம் தலைவர் காற்றுக் குழாயை எடுத்து, எடுத்த இடத்திலேயே மீண்டும் வைத்தார். அரசியாரின் குரலில் முதல் சூடு தணிந்திருந்தது. கணவரின் கட்டைவிரலில் ரவுடி கடித்த காயத்தைப் பார்த்து, மருந்துப் பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

பொழுது விடிந்தது. நம் தலைவர் பதினேழாம் எண் பேருந்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டார். மைத்துனர் முதல் நாள் சட்டையோடே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணற்கிண்ணத்தின் விளிம்பில் சோம்பேறி நிமிர்ந்து நின்றது, ஆனால் அசையவில்லை. அரசியார் ஒரு சிட்டிகை தீனியை எடுத்துத் தூவினார். தம்பதியர் பாய்ந்தனர், சிறுமீன்கள் பாய்ந்தன, ரவுடி எல்லோர் பங்கையும் தன் பங்கென்று பாய்ந்தது, இறாலும் கை நீட்டியது. ஒரே ஒரு துணுக்கு மட்டும் எவர் வாயிலும் அகப்படாமல் சுழன்று சுழன்று மஞ்சள் மேனிக்கு முன்னே இறங்கிற்று.

அவ்வேளை, விசிலும் வழக்கும் மறந்த வேந்தர் டப்பின் விளிம்பை இறுகப் பற்ற, ஆயிரம் முத்திரை குத்தும் அரசியாரின் வலக்கை தன்னையறியாமல் அவ்வேந்தரின் உப்பேறிய தோள்மேல் பதிய, ஏற்ற இறக்கம் அறிந்த மைத்துனர் எழவும் மாட்டாமல் அமரவும் மாட்டாமல் நடுவிலேயே நிற்க, காற்றுக் குழாயும் குமிழி விட மறந்ததோ என்னும்படி கூடமெங்கும் பேரமைதி குடிகொள்ள, இறங்குவதும் ஏறுவதுமாய்ப் போக்குக் காட்டிய அத்துணுக்கின்மேல் மூன்று சோடிக் கண்களும் ஆணியடித்தாற்போல் நிலைத்து நிற்க, ஆறாண்டுக் கருமணலையும் ஐந்து வாளிகளையும் இரண்டு மாடிப் படிகளையும் கடந்து வந்த அந்தச் சின்னஞ்சிறு வாய் ஒருமுறை மூடி, ஒருமுறை திறந்தது.

மீன் சாப்பிட்டது.